இணக்கம் அன்று, பொருத்தம்

‘மேக் கணினிக்கு இணக்கமான வைஃபை அட்டை.’ இணையக் கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் சென்ற வாரம் இந்த வரியைப் படித்தேன். இதற்கு முன் ஒரு விசைப்பலகைக்கு இதே சொல்லைப் போட்டிருந்தார்கள். அதற்கும் முன் ஓர் அச்சுப்பொறிக்கு. ஒவ்வொரு முறையும் முகம் சுளித்துவிட்டுக் கடந்துபோனேன். இந்த முறை அப்படிப் போக முடியவில்லை. அந்த வரியை நம்பி அட்டையை வாங்கிவிட்டவர் என் மைத்துனர். தானே பாகங்களைத் தேர்ந்து கூட்டிய கணினியில் ஆப்பிளின் மேக்ஓஎஸ் இயங்குதளத்தை, அதன் சோனோமா பதிப்பை, ஏற்றி வைத்திருக்கிறார். ‘இணக்கமானது என்று போட்டிருக்கிறதே மாமா, நான் எங்கேயாவது சம்மதம் கொடுக்க வேண்டுமா?’ என்று தொலைபேசியில் கேட்டார். அமைப்புப் பக்கங்களில் ஒரு மாலை முழுவதும் அந்தச் சம்மதப் பொத்தானைத் தேடியிருக்கிறார். அப்படி ஒரு பொத்தான் கிடையாது. அவர் வாங்கிய அட்டையின் சில்லுக்குச் சோனோமாவில் இயக்கியே (சாதனத்தை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருளே) இல்லை. சொல்தான் அவரைத் தவறான இடத்தில் தேட வைத்தது.

ஆங்கிலத்தில் ‘கம்பேட்டிபிள்’ என்பதைத்தான் இப்படி ‘இணக்கமான’ என்று பெயர்க்கிறார்கள். அதன் மூலம் இடைக்கால இலத்தீன். ‘உடன் வருந்துதல்’ என்பது வேர்ப்பொருள். திருச்சபையில் ஒருவரே இரண்டு பதவிகளைச் சேர்த்து வகிக்கலாம் என்றால் அந்தப் பதவிகளை அப்படிச் சொன்னார்கள். 1981இல் ஐபிஎம் பிசி வந்த பிறகு, அதன் மென்பொருள்களை ஓட்டவல்ல பிற நிறுவனக் கணினிகளுக்கு ‘ஐபிஎம் கம்பேட்டிபிள்’ என்று பெயர் வந்து கணினி உலகில் நிலைத்தது. வேர் பற்றி இவ்வளவு போதும். தமிழில் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை.

இணங்குதல் மனம் உள்ளவர்கள் செய்வது. ‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்று ஆத்திசூடியில் ஔவையார் சொன்னது நட்பைப் பற்றி. ஒருவரின் குணம் அறிந்து அவரோடு சேர். ஊர்ப் பஞ்சாயத்தில் இரு தரப்பும் ஓர் இணக்கத்துக்கு வருகின்றன. வற்புறுத்தினால் ஒருவர் இணங்குகிறார், அல்லது இணங்க மறுக்கிறார். இந்தச் சொல்லில் விருப்பமும் விட்டுக்கொடுத்தலும் இருக்கின்றன. வைஃபை அட்டைக்கு விருப்பம் ஏது? அது எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை, பிடிவாதம் பிடிக்கவும் இல்லை.

இந்த ஒரு குறையோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். விதிக்கும் சட்டத்துக்கும் உட்பட்டு நடப்பதையும் நாம் ‘இணக்கம்’ என்றே எழுதுகிறோம். வரித் துறை அறிவிப்புகளிலும் வங்கிப் படிவங்களிலும் அதுதான் வழக்கு. அந்த இடத்தில் சொல் சரியாக உட்காருகிறது, ஏனென்றால் விதிக்கு இணங்குவது மனிதரும் நிறுவனமும். இப்போது ஹாக்கிண்டோஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் விற்காத கணினியில் மேக்ஓஎஸ் ஏற்றினால் அதற்கு அந்தப் பெயர். ஆப்பிள் 2006இல் தன் கணினிகளை இன்டெல் சில்லுகளுக்கு மாற்றத் தொடங்கியதால் இது இயன்றது. ஆனால் ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே மேக்ஓஎஸ்ஸை நிறுவலாம் என்கிறது அதன் உரிமம். இத்தகைய கணினிகளைக் கடை வைத்து விற்ற சைஸ்டார் நிறுவனத்தின் மீது 2008இல் ஆப்பிள் வழக்குத் தொடுத்து 2009இல் வென்றது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆப்பிள் பக்கமே நின்றது. ஆக, ஹாக்கிண்டோஷின் உண்மை நிலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: பாகங்கள் மேக்ஓஎஸ்ஸுக்குப் பொருந்துகின்றன, கணினி உரிமத்துக்கு இணங்கவில்லை. இரண்டுக்கும் ‘இணக்கம்’ என்றே போட்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ‘இணக்கமானது, ஆனால் இணக்கமற்றது’ என்று வந்து நிற்கும். தேவையான இடத்தில் வேறுபாட்டைக் காட்ட முடியாத சொல் கலைச்சொல் ஆகாது.

இன்னொரு கூட்டம் ‘ஒத்திசைவு’ என்கிறது. இது இன்னும் பெரிய குழப்பம். கைபேசியில் உள்ள படங்களையும் தொடர்புகளையும் கணினியோடு ஒன்றுபடுத்துவதற்கு ஒத்திசைத்தல் என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ‘புளூடூத் ஒத்திசைவு இல்லை’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? தகவல் பரிமாற்றம் எங்கோ நின்றுவிட்டது என்று நினைத்து, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழைந்து நேரத்தைத் தொலைப்பார். தூய தமிழ் அறிஞர்கள் சிலர் விரும்பும் ‘ஒவ்வுமை’யை மதிக்கிறேன், ஆனால் ஏற்கமாட்டேன். ஒவ்வுதல் என்றால் சமமாதல். ‘சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்’ என்ற குறளில் ஒவ்வா என்பதற்கு அதுதான் பொருள். சுட்டெலி கணினிக்குச் சமமாக வேண்டியதில்லை. அதன் எதிர்ச்சொல்லையும் மருத்துவம் எடுத்துக்கொண்டுவிட்டது: ஒவ்வாமை என்றால் இன்று எல்லாருக்கும் தும்மலும் தோல் அரிப்பும்தான் நினைவுக்கு வரும்.

பொருந்து என்ற வினை நம்மிடம் இருக்கும்போது இத்தனை அலைச்சல் எதற்கு? பாட்டுடைத் தலைவனின் பெயருக்குச் செய்யுளின் முதற்சொல் ஏற்றதா என்று பாட்டியல் நூல்கள் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன: எழுத்து, தானம், பால், உண்டி, நாள், கதி என்று அந்தப் பட்டியல் நீளும். திருமணத்துக்கு முன் பார்க்கும் பொருத்தம் எல்லாரும் அறிந்தது. இரண்டிலும் நடப்பது ஒன்றே: இரு பக்கத்துக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சேருமா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. மேக்ஓஎஸ் செய்வதும் அதுவேதான், உவமைக்காகச் சொல்லவில்லை. கணினியில் செருகும் ஒவ்வோர் அட்டைக்கும் தயாரிப்பாளர் எண் ஒன்று, வகை எண் ஒன்று உண்டு. இன்டெல்லின் எண் 8086. கெக்ஸ்ட் எனப்படும் ஒவ்வோர் இயக்கிப் பொதிக்குள்ளும் அது எந்த எண்களுக்கு உரியது என்ற குறிப்பு இருக்கும். ஐஓகிட் என்னும் அடுக்கு முதலில் வேறு இனத்து இயக்கிகளைக் கழிக்கிறது. பிறகு எண்களை ஒப்பிடுகிறது. ஒன்றுக்கு மேல் எஞ்சினால் அவற்றைச் சாதனத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லி, மதிப்பெண் அதிகம் பெற்றதிடம் சாதனத்தை ஒப்படைக்கிறது. இதைப் பொருத்தம் பார்த்தல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நான் இந்தச் சொல்லில் உறுதியாக நிற்பதற்கு முதன்மையான காரணம் வேறு. பொருந்து தன்வினை, பொருத்து பிறவினை. திருந்து, திருத்து போல. ஹாக்கிண்டோஷ் வைத்திருப்பவரின் தொல்லை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. பொருத்தியாயிற்று, பொருந்தவில்லை. ஆப்பிள் தன் மேக்குகளில் இன்டெல் வைஃபை சில்லுகளை வைத்ததில்லை. ஆகவே தாய்ப்பலகையோடு வந்த இன்டெல் வைஃபை அங்கேயே இருந்தும் மேக்ஓஎஸ் கண்ணுக்குத் தெரியாது, தன்னார்வலர்கள் எழுதிய இயக்கியைச் சேர்த்தால் ஒழிய. யுஎஸ்பி கதையும் இப்படித்தான். 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பு முதல், யுஎஸ்பியை நடத்தும் ஒரு கட்டுப்படுத்திச் சில்லுக்கு 15 துறைகள் (இணைப்பு வாயில்கள்) என்பது வரம்பு. யுஎஸ்பி 3 துளை ஒன்றுக்கு வேகம் குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று என இரண்டு கணக்கு. பலகையில் உள்ளவை 15ஐத் தாண்டினால் மிச்சம் விடுபட்டுப்போகும். விசைப்பலகை ஒரு துளையில் இயங்கும், பக்கத்துத் துளையில் இயங்காது. வைஃபை அட்டையில் இருக்கும் புளூடூத்தும் உள்ளே யுஎஸ்பி வழியாகவே பேசுவதால், அதுவும் இந்தக் கணக்கில் அடிபட்டுக் காணாமற்போவதுண்டு. எந்தத் துளைகள் வேண்டும் என்று நாமே வரையறுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். அதற்குப் ‘பொருந்தவைத்தல்’ என்று அழகாகச் சொல்லலாம். இணக்கத்திலிருந்து இப்படி ஒரு வினையை எடுத்தால் ‘இணங்கவைத்தல்’ வரும். கடன்காரரைப் பேசிச் சரிக்கட்டுவது போல ஒலிக்கும்.

பொருத்தம் இருவருக்கு இடையில் உள்ளது, தனியாக ஒருவரிடம் இருப்பதில்லை. ‘இவள் பொருத்தமானவள்’ என்றால் ‘யாருக்கு?’ என்று உடனே கேட்போம். மொழிபெயர்ப்பாளர்கள் மறந்தது இந்தக் கேள்வியைத்தான். எந்தப் பதிப்புக்கு? 2023இல் வந்த சோனோமா, பழைய பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கான இயக்கிகளை விட்டுவிட்டது; முந்தைய பதிப்பு வரை எந்த வித்தையும் இல்லாமல் இயங்கிய அட்டைகள் ஒரே மேம்படுத்தலில் ஊமையாயின. அட்டை மாறவில்லை, மறுபக்கம் மாறிவிட்டது.

இயக்கிக்கு ‘ஓட்டுநர்’ என்று எழுதுகிறவர்களும் இதே பட்டறையிலிருந்து வருகிறார்கள். ‘அச்சுப்பொறி ஓட்டுநரைப் புதுப்பிக்கவும்’ என்று ஒரு கையேட்டில் என் கண்ணால் பார்த்தேன். அகராதியில் முதலில் அகப்பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தக் கருவியைக் கையால் தொட்டுப் பார்த்தவர் ஒருவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் திருத்தியிருப்பார். தமிழில் சொல் இல்லாமல் வந்த குறையன்று இது. கேட்காமல் எழுதுவதால் வருகிற குறை.

அந்தக் கடைக்காரர் இப்படி எழுதியிருக்கலாம்: ‘மான்டரே, வென்ச்சுரா பதிப்புகளுக்குப் பொருந்தும். சோனோமாவுக்குப் பொருந்தாது.’ என் மைத்துனர் படித்துவிட்டு அட்டையை வாங்காமல் விட்டிருப்பார்.