ஊருக்கு ரயிலேற்றி விடுவதற்கு முன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவது அபூர்வம். தலைவலி, படபடப்பு, வயிற்றெரிச்சல், கைகால் குடைச்சல் என்றுதான் வருவார்கள். ஊசி போட்டு அனுப்பினால், கொஞ்ச நாளில் அதே வலியோடு வேறொரு கிளினிக்கில் நிற்பார்கள்.

மருத்துவர்களே, ஊசி போடுவதற்கு முன், தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள், ஊரில் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். மொழிபெயர்க்க கான்ட்ராக்டரைக் கூப்பிடவே வேண்டாம். முன்பணம் கொடுத்தவர் எதிரில் உண்மை வராது. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருபவருக்கு, ஏழெட்டுப் பேர் படுக்கும் ஓர் அறை. தனி வீடு கேட்டால் ‘இந்திக்காரங்களுக்கு இல்லை’ என்கிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லாத நிலையில் தூக்கத்துக்காகக் குடி தொடங்குகிறது.

தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் ஒரு நிமிடமும் தனியாக விடக்கூடாது.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. ஒருவர் திடீரென்று தனக்குத்தானே பேசுகிறார், யாரோ கொல்ல வருவதாகப் பயப்படுகிறார். உடனே கம்பெனியில் கணக்கை முடித்து, தனியாக ரயிலேற்றி விடுகிறார்கள். பொதுப்பெட்டியில் இரண்டு நாள் தூக்கமும் தண்ணீரும் சரியாக இல்லாமல் போனால் நோய் முற்றும். வழியில் எங்கோ இறங்கிக் காணாமல் போய்விடவும் கூடும். தினமும் குடிப்பவரென்றால் ஆபத்து இன்னும் அதிகம். குடி நின்ற சில மணி நேரத்தில் கைநடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, 48 முதல் 72 மணி நேரத்தில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று வரலாம். அத்தனையும் ஓடும் ரயிலில் நடக்கும். இவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதென்றால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கட்டாயம் சேர வேண்டும்.

முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தெளிந்த பிறகு, ஒரு மாத மாத்திரையோடும் மருந்துச் சீட்டோடும், கூட ஓர் ஆளை அனுப்புங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணில் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டின் நீண்டகால நோய்ப் பட்டியலில், இப்படித் தனக்குத்தானே பேசவும் பயப்படவும் வைக்கும் மனச்சிதைவு நோயும் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்து, சந்தா நிபந்தனையும் பூர்த்தியானவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் உதவித்தொகை உண்டு. கணக்கை முடிக்கும் முன் அவருடைய இஎஸ்ஐ எண்ணைப் பாருங்கள்.