கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டலாமா? 70-50 விதியின் இன்றைய நிலை

புது கார் வாங்கியவர்கள் கோயிலில் பூஜை போட்ட பிறகு நேராகப் போகும் இடம் சீட் கவரும் ஃபிலிமும் விற்கும் கடைதான். "இது அனுமதி பெற்ற ஃபிலிம் சார், போலீஸ் ஒன்றும் கேட்காது" என்பார் கடைக்காரர். "சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டுவிட்டது, வீணாகப் பணத்தைக் கொட்டாதீர்கள்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன பாதியைத் தெரிந்துகொள்ளாமல் ஃபிலிம் ஒட்டுகிறவர்தான் சிக்னலில் காரை ஓரங்கட்ட வேண்டியிருக்கிறது.

அடிப்படைச் சட்டம், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள 100ஆவது விதி. காரின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தை விட வேண்டும். வாங்கும்போது மட்டுமல்லாமல், கார் ஓடும் காலமெல்லாம் கண்ணாடி அதே நிலையில் பராமரிக்கப்பட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. இந்த அளவைத்தான் கடைகளில் வி.எல்.டி. என்கிறார்கள். விதி அளப்பது வெளிச்சத்தை. நிறம் பச்சையா, சாம்பலா, கறுப்பா என்பதை அல்ல.

அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது? அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கூறியது. கறுப்புக் கண்ணாடி கார்களுக்குள் நடக்கும் குற்றங்கள், குறிப்பாகப் பெண்களுக்கு எதிரான குற்றங்கள், வெளியே தெரிவதில்லை என்பது மனுதாரரின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. அதோடு நிற்காமல், 70-50 அளவுக்குள் வரும் ஃபிலிமாக இருந்தாலும் சரி, வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடியே லேசான நிறத்தோடு, அளவுக்குள் இருந்தால் தவறில்லை. வாங்கிய பிறகு அதன் மேல் ஒட்டுவதுதான் தவறு என்பது தீர்ப்பின் சாரம். மே 4 முதல் நாடெங்கும் போலீசார் சாலையில் காரை நிறுத்தி ஃபிலிமைக் கிழித்தெடுத்தது இந்தத் தீர்ப்பின் பேரில்தான். அபராதம் விதிப்பதோடு அங்கேயே ஃபிலிமை அகற்றவும் தீர்ப்பு அதிகாரம் கொடுத்திருந்தது. ஃபிலிம் தயாரிப்பாளர்கள் திரும்பவும் நீதிமன்றப் படியேறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார்கள். வெயில், தோல் பாதிப்பு, சொந்த வசதி போன்ற காரணங்கள் பொதுப் பாதுகாப்புக்கு முன் எடுபடவில்லை. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் உரிய குழு ஆராய்ந்து கொடுத்தால், விலக்கு உண்டு. கட்சிக் கொடி கட்டிய கார்களுக்கு விலக்கு கிடையாது. நெடுஞ்சாலையில் அந்தக் கார்களைப் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

கதை அங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. 2020இல் மத்திய அரசு 100ஆவது விதியைத் திருத்தியது. திருத்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 'பாதுகாப்புக் கண்ணாடி' மட்டுமே இருந்த இடத்தில் 'சேஃப்டி கிளேசிங்' என்பதும் சேர்ந்தது. அதன் தரத்தைச் சொல்வது ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர ஆவணத்தின் இரண்டாம் பகுதியின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு. உள்பக்கத்தில் பிளாஸ்டிக் படலம் பொருத்தப்பட்ட கண்ணாடியையும் அந்தத் தர ஆவணம் பாதுகாப்பான வகைகளில் ஒன்றாக ஏற்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் படலம் ஃபிலிம்தானே என்று தயாரிப்பாளர்கள் வரிந்துகட்டிக்கொண்டு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கார் தயாரிக்கும் நிறுவனம்தான் அதைப் பொருத்தலாம், வாங்கியவர் பொருத்தக் கூடாது என்பது எதிர்த்தரப்பு வாதம். 2024 செப்டம்பரில் நீதிபதி என். நகரேஷ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பராமரிக்கும் கடமையை விதி வைத்திருப்பதால், உரிமையாளரும் தரத்துக்கு உட்பட்ட படலத்தைப் பொருத்திக்கொள்ளலாம்; 70-50 அளவு காக்கப்படும் வரை அதற்காக அபராதம் விதிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தார். 2012 தீர்ப்பு பழைய விதியின் மேல் எழுந்தது, விதியே மாறிவிட்டது என்பதுதான் இதன் அடித்தளம்.

இந்தத் தீர்ப்பைத்தான் தமிழ்நாட்டுக் கடைகளிலும் காட்டி விற்கிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டுக் காவல்துறையையோ கீழமை நீதிமன்றங்களையோ நேரடியாகக் கட்டுப்படுத்தாது. விளக்கம் பெற்றது மத்திய விதி என்பதால் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம். அது வலுவான வாதமும்கூட. ஆனால் சாலையில் நிற்கும் உதவி ஆய்வாளரின் மனத்தில் இருப்பது 2012தான். ஆகவே "லீகல் ஃபிலிம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்ற உத்தரவாதத்தை எந்தக் கடைக்காரராலும் கொடுக்க முடியாது. வழக்கு வந்தால் வாதாட ஒரு வழி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர் ஃபிலிம் இல்லாமல் இருப்பதே மேல்.

ஒட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கணக்கு. பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். ஃபிலிம் சுருளில் 50 என்று எழுதியிருந்தால் பக்கக் கண்ணாடிக்குச் சரியாகப் போச்சு என்று நினைக்கிறார்கள். அந்த 50 ஃபிலிமின் அளவு மட்டும்தான். கார்க் கண்ணாடி தன் பங்குக்கு ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இன்றைய கார்களின் பச்சைக் கண்ணாடி வெறும் கண்ணாடிபோல் தெளிவானது அல்ல. இரண்டையும் பெருக்க வேண்டும். கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது, ஃபிலிம் 50 சதவீதம் விடுகிறது என்றால் உள்ளே வருவது 37.5 சதவீதம்தான். விதி மீறல். அதே கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 52.5 வரும், தப்பித்தீர்கள். சுருங்கச் சொன்னால், பக்கக் கண்ணாடிக்கு 70க்குக் குறைந்த ஃபிலிமைக் கையில் எடுக்காதீர்கள்.

முன் கண்ணாடியில் நிலைமை இன்னும் நெருக்கடி. அது 78 சதவீதம் விடும் கண்ணாடியாக இருந்து, நீங்கள் 90 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 70.2 வரும், மயிரிழையில் பிழைக்கும். கண்ணாடியே 72தான் என்றால் 97 சதவீத ஃபிலிம்கூட 70க்குக் கீழே இறக்கிவிடும். முன் கண்ணாடியில் எதையும் ஒட்டாமல் விடுவதுதான் என் பரிந்துரை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அந்தப் படலமே புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. புற ஊதாக் கதிரைக் காட்டி முன் கண்ணாடிக்கு ஃபிலிம் விற்கிறவர், ஏற்கெனவே இருப்பதை உங்களுக்கே திரும்ப விற்கிறார். மழை நாளில் இரவு ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு சதவீத வெளிச்சமும் தேவை. பின் கண்ணாடிக்கும் இதே 70தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்துக்கு எடுத்த சுருளையே பின்னாலும் ஒட்டிவிடும் கடைகள் உண்டு. கண்ணாடி 75, ஃபிலிம் 70 என்ற அதே சேர்க்கை பக்கத்தில் தேறும், பின்னால் தேறாது.

கண்ணாடியின் சொந்த அளவை எப்படித் தெரிந்துகொள்வது? மூலையில் பொறித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. குறி, ஐ.எஸ். 2553 என்ற எண், தயாரிப்பாளர் பெயர் எல்லாம் இருக்கும். அது தரத்துக்கான சாட்சி. ஆனால் சரியான சதவீதத்தை அறிய அளக்கத்தான் வேண்டும். நல்ல கடைகளில் சிறிய வி.எல்.டி. மீட்டர் வைத்திருப்பார்கள். இரண்டு துண்டுகளாக இருக்கும். ஒன்றைக் கண்ணாடிக்கு உள்ளேயும் மற்றொன்றை வெளியேயும் நேருக்கு நேர் வைத்தால் திரையில் எண் வரும். ஒட்டுவதற்கு முன் வெறும் கண்ணாடியில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஃபிலிம் துண்டை ஈரம் தொட்டுக் கண்ணாடியில் ஒட்டவைத்து இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். மீட்டரே இல்லை, கண்ணால் பார்த்தாலே தெரியும் என்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

இனி வெயிலைப் பற்றி. கறுப்பாக இருந்தால்தான் குளிர்ச்சி என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்க இருட்டு தேவையில்லை. விலை குறைந்த சாய ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் தடுக்கும். வெப்பத்தைத் தானே உறிஞ்சிச் சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளேயே விடும். நானோ செராமிக் வகை ஃபிலிம்கள் பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்பைத் தடுக்கின்றன. 70-50 விதிக்குள் நின்று வெப்பமும் குறைய வேண்டும் என்றால் இவைதான் வழி. விலை அதிகம். விளம்பர அட்டையில் அகச்சிவப்புத் தடுப்பு 90, 95 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் மட்டும் எடுத்த எண். நீங்கள் கேட்க வேண்டியது மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணை, டி.எஸ்.இ.ஆர். என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். தெளிவான ஃபிலிமில் அந்த எண் விளம்பர எண்ணைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். உண்மையான எண் அதுதான். உலோகப் பூச்சு ஃபிலிமைத் தவிர்த்துவிடுங்கள். மொபைல் சிக்னலையும் ஜி.பி.எஸ்.ஸையும் தொந்தரவு செய்யும், முன் கண்ணாடியில் இருந்தால் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கையும் படிக்கவிடாது. எந்த ஃபிலிமும் மதிய வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற காரைக் குளிர்ச்சியாக வைத்திருக்காது. அதற்கு நிறுத்தியிருக்கும்போது முன் கண்ணாடிக்குள் வைக்கும் மடக்குத் தட்டி போதும்; புறப்படும்போது எடுத்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே ஓட்டும் கறுப்பு வலைத் திரை வேறு விஷயம். 'வேறு எந்தப் பொருளும்' என்ற 2012 தீர்ப்பின் வரி அதையும் பிடிக்கும்.

ஒட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. கண்ணாடியைச் சோப்புத் தண்ணீர் விட்டு பிளேடால் வழித்து, ரப்பர் ஓரங்களில் உள்ள தூசியை எடுத்த பிறகுதான் ஃபிலிம் வர வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே மாட்டினாலும் கொப்புளம்போல் எழும்பி நிற்கும். ஃபிலிமைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் போட்டு ஹீட் கன்னால் சுருக்கி வளைவுக்கு ஏற்ப வடிவமாக்கி, பிறகுதான் உள்பக்கம் ஒட்டுவார்கள். நேரடியாகக் கண்ணாடியின் மேலேயே பிளேடை அழுத்தி வெட்டினால் கீறல் விழும். பின் கண்ணாடியில் செம்பு நிறக் கோடுகள் ஓடுமே, அவை பனி நீக்கும் கம்பிகள். பழைய ஃபிலிமை உரிக்கும்போது பிளேடு போட்டால் அவை அறுந்துபோகும், பிறகு சரிசெய்வது கடினம். ஒட்டிய பின் சில நாள்களுக்குக் கண்ணாடியை இறக்கக் கூடாது. உள்ளே லேசாகத் தண்ணீர்ப் புகை தெரிந்தால் பதற வேண்டாம், வெயில் படப்பட மறைந்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

அபராதத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 177ஆவது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய். 2019 திருத்தம் உயர்த்திய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தொகை பெரிதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒட்டிய ஃபிலிமை அதே இடத்தில் உரித்துப் போடச் சொல்வதுதான் பெரிய அடி. வாடகைக் கார் வைத்திருப்பவர்கள் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபிலிம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் சாலையில் வாக்குவாதம் செய்து பயனில்லை. அபராதத்தை ஒப்புக்கொண்டு கட்டுவது ஒரு வழி. கட்டாமல் வழக்கை நீதிமன்றத்தில் சந்திப்பது இன்னொரு வழி, அதற்கு உரிமை இருக்கிறது. இரண்டாவதற்குப் போகிறவரின் கையில் சில தாள்கள் இருக்க வேண்டும். ஃபிலிமின் பெயர், மாதிரி எண், வி.எல்.டி. எல்லாம் எழுதிய ஜி.எஸ்.டி. பில்; ஐ.எஸ். 2553 இரண்டாம் பகுதி, 2019 தரத்துக்கான சோதனைச் சான்று. ஒட்டிய பிறகு ஒவ்வொரு கண்ணாடியிலும் எடுத்த மீட்டர் அளவைக் கடையின் முத்திரையோடு எழுதிய ஒரு சீட்டு. துண்டுச் சீட்டில் 'ஃபிலிம் 4 கண்ணாடி' என்று மட்டும் கிறுக்கித் தரும் கடையிடம் இவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.