டெப்பில் (டேப்லெட் திரையில்) விரலால் போட்ட கையொப்பம் செல்லுமா?

செல்லும். பெரும்பாலான விடயங்களில் பேனாவால் போட்டதைப் போலவே செல்லும். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் 2017இல் வந்த திருத்தமும் கேட்பது இவ்வளவுதான்: கையொப்பமிட்டவர் யார், அவர் சம்மதித்தாரா என்பதைக் காட்ட நம்பத்தகுந்த முறை ஒன்று இருக்க வேண்டும். போனில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது.

தேயிலைத் தோட்டங்களில் பலர் இதை அறியாதது கடன் கொடுக்க வருகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) வாசலில் உட்கார்ந்து டெப்பை நீட்டுவார்கள். திரையில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஓடும். "கூட்டத்துக்கு வந்ததற்கான பதிவுதான் அக்கா, விரலால் ஒரு கீறல் போடுங்கள்" என்பார்கள். அடுத்து, "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள்." கீறலும் அந்த நம்பரும் சேர்ந்தால் நீங்கள் சம்மதித்ததாக அவர்கள் காட்டுவார்கள். பக்கத்து வீட்டுக் கடனுக்குப் பிணை நின்றிருக்கிறோம் என்பதே தவணை தவறிய பிறகுதான் சில பெண்களுக்குத் தெரியவருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்போது நிரூபிப்பது பெரும்பாடு. வாசிக்க முடிந்த மொழியில் பிரதி உங்கள் கைக்கு வரும்வரை விரலை வைக்காதீர்கள், நம்பரைச் சொல்லாதீர்கள். "பிரதி பிறகு வரும்" என்றால் கையொப்பமும் பிறகே.

காணிக்கு இது எதுவும் பொருந்தாது. காணி விற்பனையும் உரிமை மாற்றமும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. மரண சாசனமும், நமக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவமும் அப்படியே. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, காகிதத்தில் எழுதப்பட வேண்டும். "மகன் கட்டாரிலிருந்து வாட்ஸ்அப்பில் கையொப்பம் அனுப்பினால் போதும்" என்று சொல்லி முற்பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். மகன் அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்கு நேரில் போய் அற்றோர்னித் தத்துவத்தில் கையொப்பமிடலாம். அதன் மூலப் பிரதி இங்கே வந்து பதிவாக வேண்டும்.

அரச அலுவலகங்களில் நடப்பது வேறு அலைக்கழிப்பு. இலத்திரனியல் ஆவணத்தை ஏற்க அலுவலகத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஏற்றே ஆக வேண்டும் என்று நாம் வற்புறுத்த உரிமை கொடுக்கவில்லை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி வருகிறவருக்கு அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடுகிறது. கவுண்டரில் "மூலப் பிரதி கொண்டு வாருங்கள்" என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்புகிறார்கள். அதை முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆகவே புறப்படுமுன் அழைத்துக் கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் திருப்பினால், எந்தச் சுற்றறிக்கையின்படி மறுக்கிறீர்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. சம்பளம் இவ்வளவு என்று முதலாளி அனுப்பிய செய்தியும் சான்றுதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அதை யாரும் திருத்தலாம். அனுப்பிய எண்ணும் திகதியும் தெரியும்படி முழு உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். சம்பளம் முழுதாகக் கைக்கு வரும்வரை அந்தப் போனை விற்கவும் வேண்டாம்.