கிராஸ்ஓவர் போட்டா பேஸ் ஏறாது தம்பி

கிராஸ்ஓவர்னா பாட்டுல கீழ் சத்தத்த வூஃபருங்கற பெரிய ஸ்பீக்கருக்கும், மேல் சத்தத்த ட்வீட்டருங்கற குட்டி ஸ்பீக்கருக்கும் பிரிச்சு அனுப்பற போர்டு. அத தப்பா மாட்டிட்டு இந்த மாசத்துல வந்த மூணாவது வண்டி இது, அதான் கார் ஆடியோ கடைய சாத்திட்டு உக்காந்து இத டைப் பண்ணிட்டு இருக்கேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டமான நேரத்துல ஒரு பையன் பழைய வேகன் ஆர்ல வந்தான். அண்ணா, ஆன்லைன்ல ரெண்டு கிராஸ்ஓவர் போர்டு வாங்கி நானே மாட்டுனேன், இப்ப பாட்டு கேக்குது ஆனா என்ன பாடுறாங்கனே புரியலங்கறான். போட்டுக் கேட்டா கீழ தபேலா இருக்கு, மேல ஜால்ரா சத்தம் ஊசி மாதிரி இருக்கு, நடுவுல குரல் போர்வைய போத்திட்டு பின் சீட்ல படுத்திருக்கு. போர்ட திருப்பிப் பாத்தேன், ஓரத்துல பொடி எழுத்துல 8 ஓம்னு போட்டிருக்கு, எவ்ளோ மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு செஞ்சதுங்கற கணக்கு அது. கார் ஸ்பீக்கர் 4 ஓம். அவ்ளோதான் விஷயம்.

அது வீட்டு ஸ்பீக்கருக்கு செஞ்ச போர்டு. ட்வீட்டருக்கு 3.3 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு, வூஃபருக்கு 0.2 மில்லிஹென்றி காயில் ஒண்ணு. 8 ஓம்ல ரெண்டும் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கைய கோத்துக்கும், அதாவது வூஃபர் விடற இடத்துல ட்வீட்டர் பிடிச்சுக்கும். 4 ஓம்ல மாட்டுனா ட்வீட்டர் 12 கிலோஹெர்ட்ஸ்க்கு ஓடிரும், வூஃபர் 3 கிலோஹெர்ட்ஸ் தாண்டுனதும் இறங்க ஆரம்பிச்சிரும், நடுவுல பெரிய பள்ளம். ச மாதிரி எழுத்தெல்லாம் தெளிவா கேக்க வேண்டிய இடம் அந்தப் பள்ளத்துக்குள்ள தான் இருக்கு.

சரி, இத கூட மன்னிச்சிடலாம், தெரியாம நடக்கறது. ஆனா "கிராஸ்ஓவர் போட்டா பேஸ் நல்லா ஏறும்ல ணா?"னு கேக்கறாங்க பாருங்க, அங்க தான் எனக்கு பிரஷர் ஏறுது. ஏறாது. இந்த மாதிரி பேசிவ் கிராஸ்ஓவருக்கு தனியா கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது, கார் ஸ்டீரியோ செட்டுல இருந்து வர்ற பவர தான் பிரிச்சு குடுக்குது, அதுலயும் கொஞ்சத்த காயில் சூடா தின்னுரும். இல்லாதத எங்க இருந்து கொண்டு வரும்? செட் மேல 50 வாட்ஸ் இன்ட்டு 4னு எழுதியிருக்கறதும் பீக் கணக்கு, நிஜமா தொடர்ந்து வர்றது ஒரு சேனலுக்கு 15, 20 வாட்ஸ். கிராஸ்ஓவர் வேல ஒண்ணே ஒண்ணு தான், ட்வீட்டருக்கு ஆகாதத ட்வீட்டருக்கு அனுப்பாம இருக்கறது. பேஸ் வேணும்னா முதல்ல டோர் பேட கழட்டி, உள்ள இருக்கற ஓட்டைய எல்லாம் அடைச்சு, அதிர்வ அடக்கற டேம்பிங் ஷீட் ஒட்டுங்க. ஆயிரம் ரூபா ஸ்பீக்கர் கூட அதுல ஆளே மாறிரும்.

இன்னொரு கூத்து, வூஃபரும் ட்வீட்டரும் ஒண்ணா சேந்தே வர்ற கோஆக்சியல் ஸ்பீக்கருக்கு முன்னாடி கிராஸ்ஓவர மாட்டறது. அது நடுவுல இருக்கற குட்டி ட்வீட்டர்ல ஏற்கனவே ஒரு கெபாசிட்டர் இருக்குங்க! ரெண்டுக்கும் வயர் ஒரே ஜோடி தான் வருது, எத எங்க பிரிப்பீங்க? தனி ட்வீட்டர் தனி வூஃபர் இருந்தா மட்டும் கிராஸ்ஓவர் பத்தி யோசிங்க.

வாங்கும் போது 4 ஓம்னு பாத்து வாங்குங்க. சந்தேகமா இருந்தா ஸ்பீக்கர்ல மல்டிமீட்டர் வைங்க, 4 ஓம் ஸ்பீக்கர் மூணே கால், மூணரை காட்டும், அதுக்காக ரிப்பேர்னு தூக்கி போட்றாதீங்க. ட்வீட்டர் லைன்ல பிளஸ் மைனஸ் போட்ட சாதா கெபாசிட்டர் வேண்டவே வேண்டாம், உப்பிரும், பிளஸ் மைனஸ் இல்லாத நான்போலார் இல்லனா ஃபிலிம் டைப் போடுங்க. ட்வீட்டர் காத கிழிச்சா ஒரு ஓம் ரெண்டு ஓம் 10 வாட்ஸ் சிமெண்ட் ரெசிஸ்டர் சீரீஸ்ல போதும். போர்ட டோருக்குள்ள வைக்காதீங்க, கண்ணாடி வழியா மழைத்தண்ணி இறங்குற இடம் அது, டேஷ்போர்டுக்கு அடியில கட்டுங்க.

இது ரொம்ப முக்கியம், கெஞ்சி கேக்கறேன். லெஃப்ட் ரைட் ரெண்டு மைனஸையும் ஒண்ணா முறுக்காதீங்க, பாடிலயும் எர்த் குடுக்காதீங்க. இப்ப வர்ற செட்ல நாலு ஜோடியும் தனித்தனி, சேத்தா செட்டுக்குள்ள இருக்கற ஆம்ப் ஐசி போயிரும். அப்புறம் என்கிட்ட வந்து செட் டூப்ளிகேட்டா அண்ணானு கேக்கறது.

அந்தப் பையனுக்கு புது போர்டு வாங்க காசு இல்ல. அதே 3.3 கூட இன்னொரு 3.3 பேரலல்ல சால்டர் பண்ணேன், காயில்ல கொஞ்சம் கொஞ்சமா சுத்து அவுத்து, காயில் அளவு காட்டற எல்சிஆர் மீட்டர்ல வச்சு வச்சு பாத்து 0.1க்கு கொண்டு வந்தேன். ரெண்டு பக்கமும் சேத்து ஒரு மணி நேரம், பின்னாடி மூணு வண்டி ஹாரன் அடிச்சிட்டு நிக்குது. பாட்டு போட்டதும் அவன் வால்யூம ஏத்தல, குறைச்சான்.