சுட்ட மண் தன் வயதைச் சொல்வது எப்படி?

சீனாவின் டாங் காலத்து (618–907) மண் குதிரை ஒன்று ஏலத்துக்கு வந்தால், பட்டியலில் அதன் விவரத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘வெப்ப ஒளிர்வுச் சோதனையின் முடிவு, குறிப்பிட்ட காலத்தோடு ஒத்துப்போகிறது.’ விலையைத் தாங்கி நிற்பது சில சமயம் அந்த ஒற்றை வரிதான். அதைப் பார்த்ததும் ‘அப்படியானால் அசல்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சோதனை அவ்வளவு பெரிய சான்று எதையும் தருவதில்லை. பொருளிலிருந்து துளைத்தெடுத்த ஒரு சிட்டிகை மண் கடைசியாக எப்போது தீயில் வெந்தது என்பதை மட்டும் சொல்கிறது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

களிமண்ணில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களின் நுண்ணிய படிகங்கள் கலந்திருக்கும். யுரேனியம், தோரியம், கதிரியக்கம் கொண்ட பொட்டாசியம்-40 ஆகியவையும் மிகச் சிறிய அளவில் இருக்கும். இவற்றின் கதிர்வீச்சு படிகங்களைத் தாக்கும்போது எலக்ட்ரான்கள் இடம்பெயர்கின்றன. பெரும்பாலானவை உடனே திரும்பிவிடுகின்றன. சில மட்டும் படிக அமைப்பின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. சாதாரண வெப்பநிலையில் அவற்றால் வெளியே வர முடியாது. காசு போடப் போட உண்டியல் கனப்பதுபோல, ஆண்டுகள் செல்லச் செல்ல சிக்கிய எலக்ட்ரான்கள் கூடிக்கொண்டே போகும்.

சூளை அந்த உண்டியலை உடைத்துவிடுகிறது. சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சிக்கியவை எல்லாம் விடுபட, பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கணக்கு பூஜ்யமாகிறது. குயவர் தீ மூட்டிய அன்றிலிருந்து புதுக் கணக்கு ஓடுகிறது.

ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில்தான் வேலை. பளிச்சென்ற ஒளி பட்டாலே சேமிப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். அடிப்பகுதி போன்ற மறைவான இடத்தில், சூடு ஏறாதபடி மெதுவாகத் துளையிட்டு, சில பத்து மில்லிகிராம் தூள் எடுப்பார்கள். அதை நைட்ரஜன் வாயுவுக்குள் வைத்துச் சூடாக்கும்போது, விடுபடும் எலக்ட்ரான்கள் மெல்லிய நீல ஒளியாக ஆற்றலை உமிழ்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை உணர்கருவி வரைகோடாக எழுதுகிறது. அதே தூளை மறுபடி சூடாக்கினால் அந்தக் கோடு வராது. சூடான எந்தப் பொருளும் தரும் தணல் ஒளி மட்டுமே மிஞ்சும். பல நூற்றாண்டுச் சேமிப்பை ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும்!

அடுத்து, தெரிந்த அளவு கதிர்வீச்சைத் தூளுக்குக் கொடுத்து எவ்வளவு ஒளி வருகிறது என்று ஒப்பிடுவார்கள். சேர்ந்திருந்த மொத்த அளவை, ஓர் ஆண்டில் சேரும் அளவால் வகுத்தால் வயது கிடைக்கும். பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிகிரே. ஆண்டுக்கு 4 மில்லிகிரே என்று வைத்துக்கொண்டால், 1,200 ஆண்டுப் பொருளில் 4.8 கிரே சேர்ந்திருக்கும். 20 ஆண்டுக்கு முன் சுட்டதில் 0.08 கிரேதான். ஆனால் புதைந்திருந்த இடத்து மண்ணும் ஈரமும் ஆண்டுக் கணக்கை மாற்றிவிடும். ஏலத்துக்கு வரும் பொருளுக்கு அந்த விவரம் எதுவும் கிடையாது. அதனால் 20 முதல் 25 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும். எந்த அரசர் காலம் என்று இதைக் கேட்கக் கூடாது. பழையதா, நேற்றுச் செய்ததா என்று கேட்கலாம்.

அந்தக் கேள்விக்கு எவ்வளவு கூர்மையான பதில் வரும் என்பதற்கு துருக்கியில் உள்ள ஹஜிலார் என்ற தொல்லியல் இடம் ஓர் உதாரணம். 1950களின் இறுதியில் அங்கே அகழாய்வு நடந்த பிறகு, அந்தப் பாணிப் பானைகளும் சிற்றுருவங்களும் சந்தையில் குவிந்தன. ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வகம் அவற்றில் 66 பொருள்களைச் சோதித்து 1971இல் முடிவை வெளியிட்டது. 48 போலி.

உலோகத்துக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது. ஆனால் உள்ளீடற்ற வெண்கலச் சிலையை வார்க்கும்போது நடுவில் வைத்த மண் கரு உள்ளேயே தங்கியிருந்தால், அதைச் சோதிக்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சுமார் 40 செ.மீ. உயரமுள்ள கிரேக்க வெண்கலக் குதிரை ஒன்று இருக்கிறது. 1923இல் வாங்கியது. அதன் உடலில் ஓடிய மெல்லிய கோட்டையும், காமா கதிர்ப் படத்தில் தெரிந்த உள்ளமைப்பையும் வைத்து, நவீன வார்ப்பு என்று 1967இல் அருங்காட்சியகமே அறிவித்தது. பிறகு மண் கருவைச் சோதிக்க முனைந்தபோது வந்தது சிக்கல்: படம் எடுத்த காமா கதிரே கருவுக்குள் கூடுதலாகக் கதிர்வீச்சைச் சேர்த்துவிட்டிருந்தது. வழக்கமான முறை உதவவில்லை. அதனால் கருவிலிருந்த சிர்கான் என்ற கனிமத்தின் துகள்களைத் தனியே பிரித்தார்கள். சிர்கானுக்குள்ளேயே யுரேனியம் அதிகம் என்பதால், அது தனக்குத் தானே சேர்த்துக்கொண்ட அளவு மிகப் பெரியது; அதன் முன் காமா கதிரின் பங்கு அற்பம். குதிரை பழங்காலத்ததே என்று தெரிந்தது. அறிவியலைக் கொண்டு தள்ளிவைத்த பொருளை இன்னும் நுட்பமான அறிவியல் மீட்டது என்பதால், இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழவைக்கும் கதை இதுதான்.

இதே உண்மையில் மோசடிக்கும் வழி உண்டு. படம் எடுக்கும் கதிர் வயதைக் கூட்டுமானால், புதுப் பொருளை வேண்டுமென்றே கதிர்வீச்சில் வைத்தும் ‘முதுமை’ ஏற்றலாம். வெளியிலிருந்து பாயும் கதிர் எல்லாத் துகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் சேரும். இயற்கையாகச் சேர்ந்தது கனிமத்துக்குக் கனிமம் மாறுபடும். அந்த வேறுபாட்டைத் தேடிப் பிடிக்கலாம் என்றாலும், அது நேரமும் நுணுக்கமும் கேட்கும் வேலை.

இதைவிட எளிய தந்திரமும் இருக்கிறது. கல்லறையில் நொறுங்கிக் கிடந்த அசல் உடைசல்களை எடுத்து, தலை ஒன்றிலிருந்தும் கால் இன்னொன்றிலிருந்துமாக ஒட்டி, மேலே வண்ணம் பூசிவிடுவது. எங்கே துளைப்பார்கள் என்று ஊகித்து, அந்த இடத்தில் மட்டும் பழைய பானை ஓட்டுத் துண்டைப் பதிப்பதும் உண்டு. பழைய செங்கல்லையே செதுக்கிச் சிற்பமாக்குவதும் உண்டு. மண் பழையது, சிற்பம் புதியது. மூன்றிலும் சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட இடத்துக்குச் சரியான பதிலையே தந்திருக்கிறது.

ஆகவே, அறிக்கையில் வயதைத் தேடும் முன் படத்தைத் தேடுங்கள். தூள் எடுத்த இடங்களைப் பொருளின் படத்தில் புள்ளி வைத்துக் காட்டியிருப்பார்கள். குதிரை என்றால் அடித்தட்டில் மட்டும் புள்ளி இருந்தால் போதாது. உடல், கால், கழுத்து என்று தனித்தனியாக எடுத்திருக்க வேண்டும். ஒட்டுவேலை எக்ஸ்ரே படத்திலும் புற ஊதா விளக்கிலும் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். புதுப் பிசின் பல நேரம் மண்ணிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஆனால் எக்ஸ்ரேயும் கதிர்வீச்சுதான் என்பதால், முதலில் தூள், பிறகு எக்ஸ்ரே என்ற வரிசை மாறக் கூடாது.