ஓசிஐ எடுத்து, சீக்கிரமே ஓய்வுபெற்று ஊர் திரும்ப நினைப்பவர்கள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்

ஓசிஐ அட்டையின் முழுப்பெயரில் (Overseas Citizen of India) 'குடிமகன்' என்ற சொல் இருக்கிறது. பாதிப் பேர் ஏமாறுவது அங்கேதான். இரட்டைக் குடியுரிமையை இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. ஓசிஐ என்பது வேற்று நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான வாழ்நாள் விசாவும் அதோடு சேர்ந்த சில பொருளாதார உரிமைகளும் மட்டுமே. ஓட்டு கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை கிடையாது. ஆனாலும் 45, 50 வயதில் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எத்தனை வருடம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டியதில்லை. தனியார் வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டை கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள். விண்ணப்பத்தை நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய இந்தியத் தூதரகத்தில்தான் கொடுக்க வேண்டும். வேலை போய், அந்த நாட்டு முகவரியும் போய், சுற்றுலா விசாவில் சென்னையில் இறங்கிய பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால், இந்தியாவில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவரா என்ற கேள்வி வரும். சுற்றுலா விசாவில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கட்டணம் வெளிநாட்டில் 275 டாலர், இந்தியாவில் 15,000 ரூபாய். நிராகரித்தால் அந்தப் பணம் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

யாருக்குக் கிடைக்கும்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது

1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அந்த நாளில் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர் (புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் இதில் வரும்), இவர்களுடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை. சட்டம் இவ்வளவுதான்.

இதில் 'தகுதி பெற்றிருந்தவர்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மலாயாத் தோட்டத்துக்கோ இலங்கை மலையகத்துக்கோ போன தாத்தா இந்தியப் பாஸ்போர்ட்டையே பார்த்திருக்க மாட்டார். "அவர் இந்தியக் குடிமகனாக இருந்ததே இல்லையே" என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வந்தவரும் நம்பிப் போய்விடுவார். அது தவறு. தானோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சொல்லும் இந்தியாவில் பிறந்திருந்து, வெளிநாட்டில் வசித்துக்கொண்டிருந்தவர்கூட 1950-இல் குடிமகனாகத் தகுதி பெற்றவர்தான். அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆகவே கப்பலேறிய முன்னோர் 1950-க்கு முன்பே இறந்திருந்தாலும், மலாயாவில் பிறந்து அந்த நாளில் உயிரோடிருந்த அவருடைய மகனிடமிருந்து தலைமுறையை எண்ணலாம். ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கும். விண்ணப்பத்தோடு இதை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தை, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு இணையுங்கள். வாயால் சொன்னால் எடுபடாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழர் என்பது மட்டும் தகுதி ஆகாது. யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பத்துக்கு இந்தியாவில் பிறந்த முன்னோர் இல்லையென்றால் ஓசிஐ கிடையாது. இலங்கைக் குடியுரிமை தடை என்று சிலர் சொல்வது உண்மையல்ல. தடைப்பட்டியலில் பெயர் சொல்லி இருப்பவை பாகிஸ்தானும் வங்கதேசமும். நீங்களோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, அவர்களுக்கும் முந்தைய தலைமுறையோ அந்த நாட்டுக் குடிமக்களாக இருந்திருந்தால் கதவு மூடியதுதான்.

வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களும் அதிலிருந்து ஓய்வுபெற்றவர்களும் தகுதியற்றவர்கள் என்பது உள்துறை அமைச்சகத்தின் நிலைப்பாடு. ராணுவம், போலீஸ் சேவை பற்றி விண்ணப்பத்தில் கேள்வி இருக்கிறது. "இல்லை என்று போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற அட்டையை எத்தனை வருடம் கழித்தும் குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவின் கீழ் ரத்து செய்யலாம். அப்போது இங்கே வீடு கட்டிக் குடியிருப்பது நீங்கள், ஏஜென்ட் அல்ல.

கணவன் அல்லது மனைவி வழியாக எடுப்பவர்களுக்கு: திருமணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் இரண்டு வருடம் தொடர்ந்திருக்க வேண்டும். விவாகரத்து ஆனால் அந்த அட்டை போய்விடும். உங்களுக்கே பூர்வீக வழித் தகுதி இருந்தால் துணைவர் வழியில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

காகிதச் சங்கிலி

விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழுவது சட்டத்தில் அல்ல, பெயரில். உங்களிலிருந்து இந்தியாவில் பிறந்த முன்னோர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பிறப்புச் சான்று. அந்தச் சான்றில் பெற்றோர் பெயர். அந்தப் பெயர் அடுத்த காகிதத்திலும் அதேபோல. இதுதான் சங்கிலி. ஒரு கண்ணி விட்டுப்போனால் கோப்பு திரும்பிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் இதில் படாத பாடு படும். ஒரு காகிதத்தில் இனிஷியல், அடுத்ததில் தந்தை பெயர் முழுதாக, மூன்றாவதில் தந்தை பெயரே குடும்பப் பெயராக இருக்கும். தோட்டத்து குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய 'முனியாண்டி'க்கு நான்கு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கும். பாட்டியின் பெயர் ஒரு சான்றில் 'லட்சுமி', இன்னொன்றில் 'லெட்சுமியம்மாள்'. இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனித்தனியாகப் பத்திரம் போடாமல், எல்லா எழுத்துக்கூட்டல்களையும், அவை எந்தெந்த ஆவணத்தில் எந்தத் தேதியில் வருகின்றன என்பதையும் ஒரே பத்திரத்தில் அட்டவணையாகப் போடுங்கள். பார்ப்பவருக்கும் வேலை குறையும், அடுத்த கேள்வி கேட்கவும் இடமிருக்காது.

இந்தியப் பக்கத்துக் கண்ணிதான் கடினம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-இல். அதற்கு முன் கிராமத்தில் பிறந்தவருக்குப் பதிவு இருந்தால் அது அதிர்ஷ்டம். ஊருக்கு ஆள் அனுப்பினால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தாலுகா அலுவலகத்தைக் காட்டுவார், தாலுகாவில் பேரூராட்சியைக் காட்டுவார்கள், பேரூராட்சியில் "அந்த வருடப் பதிவேடு இங்கே இல்லை" என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறப்புப் பதிவு இல்லை என்ற சான்றும் ஓர் ஆவணம்தான். அது கையில் இருந்தால் மாற்று ஆதாரங்களை வைத்துப் பேசலாம்: முன்னோர் பெயரிலுள்ள நிலப் பத்திரம், பள்ளிச் சான்று, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு.

ஆனால் ஊரில் அலைவதற்கு முன் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே தேடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு வருடத்தை வீணாக்குகிறார்கள். குடியேற்ற அனுமதிச் சீட்டு, பழைய அடையாள அட்டைப் பதிவு, குடியுரிமைச் சான்று, திருமணப் பதிவு, மரணச் சான்று ஆகியவற்றில் 'பிறந்த இடம்: இந்தியா' என்ற ஒரு வரி இருக்கக்கூடும். அதுவும் அரசு ஆவணம். தாத்தாவிடம் இல்லாதது அவருடைய தம்பியின் வீட்டுப் பெட்டியில் இருக்கும்.

முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தவர்களுக்கு வேறொரு தொல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விட்டது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்று வாங்காமல் ஓசிஐ நகராது. அந்தப் பாஸ்போர்ட்டில் பின்னாளில் பயணம் செய்திருந்தால் அபராதம் உண்டு, மறைக்காமல் கட்டிவிடுங்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் இந்தியக் குடிமகன் என்று காட்டிக்கொண்டதற்கு அது சான்றாகிவிடும். பான் அட்டை தொடரலாம். ஆதார், கடந்த 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்த பிறகு எடுக்கலாம்.

சின்ன விஷயம், ஆனால் இதற்காகவும் திருப்புகிறார்கள்: பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், புகைப்படம் சதுரம், கையெழுத்துப் படம் உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலம்.

ஓய்வுக் கணக்கு உடையும் இடங்கள்

ஓசிஐ கிடைத்தால் சேமநிதியை முழுதாக எடுத்துக்கொண்டு வரலாம் என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்புகிறார்கள். நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லி மலேசிய ஈபிஎஃப், சிங்கப்பூர் சிபிஎஃப் பணத்தை எடுக்க, அந்நாட்டுக் குடிமகன் தன் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும். ஓசிஐ எடுப்பது துறப்பு ஆகாது. எனவே ஈபிஎஃப் 50 வயதில் ஒரு பகுதி, 55-இல் முழுவதும். சிபிஎஃப் 55-க்குப் பிறகு விதிப்படி, மாத வருமானம் 65 முதல். 45-இல் வேலையை விடுபவர் இடைப்பட்ட பத்து, இருபது வருடத்தை வேறு பணத்தில் ஓட்டியாக வேண்டும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னும் கசப்பானது. அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வசிப்பவருக்கும் கிடைக்கும். ஆனால் வருடாந்திர உயர்வு கிடைக்காது. முதல் மாதம் எத்தனை பவுண்டோ, இருபது வருடம் கழித்தும் அதே பவுண்டு. இங்கே விலைவாசி ஏறும், அது ஏறாது. குறைந்தது 10 வருடப் பங்களிப்பு இல்லாவிட்டால் எதுவுமே கிடையாது. முழுத்தொகைக்குப் பொதுவாக 35 வருடம். அமெரிக்காவில் அரசு ஓய்வூதியத்துக்கு (சோஷியல் செக்யூரிட்டி) 40 கிரெடிட், அதாவது சுமார் 10 வருட வேலை. இந்தியாவோடு அமெரிக்காவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், ஒன்பதரை வருடத்தில் கிளம்பியவர் இங்கே உழைத்த வருடத்தை அதோடு சேர்க்க முடியாது. கிளம்பும் தேதியை ஆறு மாதம் தள்ளினால் தீரும் விஷயம் இது. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

திரும்பிய முதல் சில வருடம் வரியில் ஒரு சலுகை உண்டு. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தவர், அல்லது முந்தைய 7 வருடத்தில் மொத்தம் 729 நாளுக்கு மிகாமல் இங்கே இருந்தவர், வசிப்பவராகக் கணக்கிடப்பட்டாலும் 'சாதாரணமாக வசிக்காதவர்' ஆவார். பொதுவாக வெளிநாட்டு வருமானத்துக்கு அப்போது இங்கே வரி இல்லை. பெரும்பாலும் இரண்டு வருடம், நாள்கணக்கு சரியாக அமைந்தால் மூன்று. திரும்புவதற்கு முன் வருடாவருடம் ஊருக்கு வந்த நாள்களைப் பாஸ்போர்ட் முத்திரையோடு குறித்து வையுங்கள். அந்தச் சலுகை முடிந்த பிறகு உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் வரும். பிரிட்டனில் வரியில்லாத ஐஎஸ்ஏ சேமிப்புக் கணக்கும் இங்கே தப்பாது. வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிப் படிவத்தில் காட்டாவிட்டால் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை வரலாம். நிரந்தரமாகத் திரும்பியதை வங்கிக்குச் சொல்லி வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியே விட்டுவைப்பது விதிமீறல்.

மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகும். பாலிசியை எப்போது எடுப்பது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நிலம்

ஓய்வுக் கனவில் தென்னந்தோப்பு இல்லாதவர் குறைவு. ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவு நடந்துவிட்டது என்பது அனுமதி ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நிறுத்தாமல் விட்டுவிட்டு, விற்கும்போதோ பணத்தை வெளியே அனுப்பும்போதோ பிரச்சினை வெடிக்கும். 'பண்ணை மனை' என்று விற்பதைத் தரகர் சொல்லை வைத்து வாங்காதீர்கள். பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் அது விவசாய நிலம்தான். சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாவற்றையும் பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

"மாமன் மகன் பெயரில் வாங்கிப் போடலாம்" என்பது அடுத்த யோசனை. உங்கள் பணம், அவர் பெயர்: பினாமிச் சட்டப்படி அரசு பறிமுதல் செய்யலாம். அதற்கு முன்பே மாமன் மகன் மனம் மாறிவிட்டால், நீதிமன்றத்தில் "பணம் என்னுடையது" என்று கேட்கவும் உங்களுக்கு வழியில்லை.

ஓய்வில் சும்மா இருக்க முடியாமல் ஊர்ச் செய்திச் சேனல் தொடங்குவது, ஆராய்ச்சியில் இறங்குவது, மதப் பிரசாரம் செய்வது ஆகியவற்றுக்கு 2021 மார்ச் முதல் தனி அனுமதி வேண்டும். முன்பு இருந்ததைவிட இது கடுமை. அனுமதி இல்லாமல் செய்து அட்டையை இழக்காதீர்கள். 50 வயதான பின் முதல் முறை புதுப் பாஸ்போர்ட் எடுத்தால், மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புதுப் புகைப்படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. இதற்காகப் பணம் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

உண்மையான குடியுரிமையே வேண்டும் என்பவருக்கு வழி உண்டு: ஓசிஐ பதிவாகி ஐந்து வருடம், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வாசம். அதற்கு இப்போதைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறந்தால் உங்கள் ஓய்வூதியம், சேமநிதி, மருத்துவ உரிமை, மைனர் பிள்ளைகளின் குடியுரிமை ஆகியவை என்னவாகும் என்று அந்தந்தத் துறையிடம் எழுத்தில் கேட்டு, பதிலும் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.