தேர்வுக்குப் பிறகு படித்தால் மதிப்பெண் கூடுமா?

2011இல் அமெரிக்காவின் முன்னணி உளவியல் ஆய்விதழ் ஒன்று, வருங்காலத்தை மனிதர்களால் முன்கூட்டி உணர முடியும் என்று சொல்லும் கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேரில் பெம். மொத்தம் 9 சோதனைகள், 1000க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். ஒரு சோதனையில் மாணவர்களுக்குச் சொற்பட்டியலைக் காட்டி, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த பிறகு, பட்டியலில் பாதிச் சொற்களை மட்டும் பயிற்சி செய்ய வைத்தார்கள். பின்னால் பயிற்சி செய்யப்போகும் சொற்களே தேர்வில் அதிகம் நினைவுக்கு வந்தன என்றது கட்டுரை. அதாவது, தேர்வு முடிந்து வீட்டுக்குப் போய்ப் படித்தாலும் பலன் உண்டு!

பிரிட்டனில் மூன்று ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதை எழுதி அதே ஆய்விதழுக்கு அனுப்பியபோது, மறுசோதனைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் 2012இல் வேறோர் ஆய்விதழில் அது வெளிவந்தது.

பெம் ஏமாற்றுக்காரர் இல்லை. அன்றைக்குத் துறையில் எல்லோரும் பின்பற்றிய முறைகளைத்தான் அவரும் பின்பற்றினார். முறைப்படி செய்தே இப்படியொரு முடிவுக்கு வர முடியுமென்றால் அந்த முறையில் என்ன ஓட்டை என்ற கேள்வி பலரைத் தூங்கவிடவில்லை.

ஓட்டை இங்கே இருக்கிறது. ஒரு சோதனையில் இரண்டு குழுக்களுக்கு இடையே வேறுபாடு தெரிந்தால், உண்மையில் விளைவே இல்லாதபோது அத்தனை பெரிய வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவார்கள். அது 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் முடிவு 'குறிப்பிடத்தக்கது'. அதற்குத்தான் ஆய்விதழில் இடம் கிடைக்கும்.

தாயம் விளையாடியவர்களுக்கு இது எளிதில் புரியும். முதல் உருட்டிலேயே தாயம் விழுந்தால் ஆச்சரியம். விழும்வரை உருட்டிவிட்டு, கடைசி உருட்டை மட்டும் ஊருக்குச் சொன்னால்? விளைவே இல்லாத ஒன்றை 20 விதமாகச் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகக் 'குறிப்பிடத்தக்கது' என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஆய்வாளர் பொய் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் 10 பேரைச் சேர்த்துப் பார்ப்போம், இந்த அளவீட்டுக்குப் பதில் அதை எடுப்போம், மூன்றாவது குழுவை விட்டுவிடுவோம் என்று ஒவ்வொரு படியிலும் நியாயமாகத் தோன்றுவதைச் செய்தாலே போதும்.

சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூவர் அதே 2011இல் இதைச் செய்தே காட்டினார்கள். உண்மையான மாணவர்கள், உண்மையான தரவு. முதுமையைப் பற்றிய ஒரு பாட்டைக் கேட்ட மாணவர்களுக்கு, வேறு இசை கேட்டவர்களைவிட வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாக 'நிரூபித்தார்கள்'. மனநிலை இல்லை, பிறந்த தேதிப்படியான வயது! பிறகு தாங்கள் எதையெல்லாம் அளந்தோம், எதையெல்லாம் கட்டுரையில் மறைத்தோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். இப்படி நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் முடிவுகள் 61 சதவீதம்வரை போகும் என்று கணக்குக் காட்டினார்கள். என்னைக் கேட்டால், ஆராய்ச்சி செய்யப்போகும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வாரமே படிக்கக் கொடுக்க வேண்டிய கட்டுரை இது.

2015இல் இன்னொரு அடி விழுந்தது. உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க' முடிவு தந்தவை. மறுசோதனையில் 36 சதவீதமே தேறின.

சரி, என்ன செய்யலாம்? எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, கட்டுரையை வெளியிடுவதா வேண்டாமா என்பதை முடிவு தெரிவதற்கு முன்பே தீர்மானிப்பது. 2013இல் 'கார்டெக்ஸ்' என்ற ஆய்விதழ் இதைத் தொடங்கியது. ஆய்வாளர் தன் கேள்வி, எத்தனை பேரைச் சோதிக்கப்போகிறார், எதை அளப்பார், எப்படிக் கணக்கிடுவார் என எல்லாவற்றையும் முதலில் எழுதி அனுப்புவார். தரவு ஒன்றுகூடச் சேர்ந்திருக்காது. துறை வல்லுநர்கள் படித்துக் குறை சொல்வார்கள், அவர் திருத்துவார். கேள்வி நல்ல கேள்வி, முறை சரியான முறை என்றால், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிறோம் என்று இதழ் வாக்குக் கொடுக்கும். அப்புறம்தான் சோதனை. சொன்னபடி செய்தாரா என்று மட்டும் பிறகு பார்ப்பார்கள். வழியில் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் எழுதலாம், ஆனால் தனித் தலைப்பில், இது முன்பே திட்டமிட்டதில்லை என்ற அறிவிப்போடு.

இதனால் என்ன மாறியது? உளவியலில் வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம், ஆய்வாளரின் முதல் கருதுகோள் சரி என்றன. இப்படித் திட்டத்தை முன்பே பதிவு செய்த கட்டுரைகளில் அது 44 சதவீதம். 2021இல் வெளியான ஒப்பீடு இது. இதுவரை மேசை இழுப்பறையில் தூங்கிய 'இல்லை'கள் அச்சேறத் தொடங்கிவிட்டன.

ஆனால் தரவையே கற்பனையாக எழுதுகிறவரை இந்த முறை தடுக்காது. அதற்குத் தரவைப் பொதுவில் வைக்க வேண்டும். படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே போடச் சொன்னால் மக்கள் நேர்மையாகிறார்கள் என்று 2012இல் ஒரு கட்டுரை வந்தது. கார் காப்பீட்டு வாடிக்கையாளர்கள் எழுதித் தந்த ஓட்டத் தூரம் அதற்கு ஆதாரம். 2020இல் அந்தத் தரவு பொதுவில் வைக்கப்பட்டது. மறு ஆண்டே அதைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். இயல்பாக, நடுத்தரமாக ஓட்டுபவர்கள் அதிகமாகவும் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ ஓட்டுபவர்கள் சிலராகவும் இருப்பார்கள். இங்கே 0 முதல் 50,000 மைல்வரை எல்லாத் தூரத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் கார்கள், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. 2021இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 8 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாதது, கோப்பைத் திறக்க வழி கிடைத்த ஓராண்டுக்குள் வெளியே வந்தது.